செயின் சோவைக் கெதியா வெட்டப் பண்ணுறது எப்படி? சைலன்சரைத் திறக்கலாமா?

#1 குச்சவெளிக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். இவ்வளவு நாளும் வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான், இண்டைக்குத்தான் முதல் தரம் எழுதுறன்.

என்னட்ட இருக்கிறது ஸ்டில் எம்எஸ் 381. 72 சிசி, 25 இஞ்சி பார் (செயின் சுத்தி ஓடுற தகடு), மூண்டு எட்டு (3/8 இஞ்சி) செயின். வாங்கி மூண்டு வருசமாகுது. குச்சவெளி, திரியாய், நிலாவெளிப் பக்கம் வளவு துப்புரவாக்கிற வேலையும், விழுந்த மரம் அறுக்கிற வேலையும் குத்தகைக்கு எடுத்துச் செய்யிறன். 2020 மார்கழியில புரெவிப் புயல் எங்கட ஊருக்கும் திரியாய்க்கும் இடையிலதானே கரை ஏறினது. அப்ப விழுந்த மரங்களை அறுக்க மாமாவோட கையாளாப் போய்ப் பழகின தொழில் இது.

பிரச்சினை என்னெண்டா, போன கிழமை நிலாவெளியில ஒரு வளவில நானும் இன்னொரு கோஷ்டியும் பக்கத்துப் பக்கத்தில நிண்டம். அவையிட்டயும் இதே மெசின்தான். நான் ஒரு வேப்பங்குத்தியை அறுத்து முடிக்க அவர் ரெண்டை முடிச்சிட்டார். குத்தகை வேலையில நேரம்தான் காசு. மாரி தொடங்க முதல் இன்னும் நாலு வளவு முடிக்க வேணும்.

வீடியோக்களில சைலன்சரில ஓட்டை போடுறாங்கள், உள்ளுக்கு இருக்கிற பொறி பிடிக்கிற வலையைக் கழட்டுறாங்கள், செயினை ஓட்டுற பல்லுச்சக்கரத்துக்கு 8 பல்லு ஸ்ப்ரொக்கெட் போடுறாங்கள், சிலிண்டரின்ர வாயைக் கிரைண்டரால அகட்டுறாங்கள். இதில எதை முதல் செய்யலாம்? செய்து பார்த்தவங்கள் சொல்லுங்கோ.

#2 தம்பலகாமம்88

நான் செய்து பார்த்தனான். என்னட்ட இருந்தது 52 சிசி சீன மெசின் ஒண்டு. சைலன்சரில ட்ரில்லால மூண்டு ஓட்டை போட்டன், வலையையும் கழட்டி எறிஞ்சிட்டன். முதல் நாள் இடிமுழக்கம் மாதிரிச் சத்தம், வேகமும் கூடினது போலத்தான் இருந்தது. ரெண்டு கிழமையில வயலோரம் நிண்ட மருதமரக் கொப்பு ஒண்டை அறுக்கேக்க அப்படியே இறுகி நிண்டிட்டுது. கயிறு இழுக்க ஏலாது. கழட்டிப் பார்த்தா பிஸ்டன் முழுக்கக் கோடு கோடாக் கீறல். ஏன் அப்படி ஆனது எண்டு இண்டை வரைக்கும் எனக்கு வடிவா விளங்கேல்ல.

#3 பாலையூற்று மெக்கானிக்

தம்பி குச்சவெளி, சைலன்சரில கை வைக்க முதல் ஒரு வேலை செய். நாளைக்கு அறுக்கேக்க கீழ விழுற தூளைக் கையில அள்ளிப் பார். சீவல் சீவலா விழுதா, மாவா விழுதா? சீவல் விழுந்தா செயின் மரத்தை வெட்டுது. மா விழுந்தா செயின் மரத்தைத் தேய்க்குது. 72 சிசி மெசினைத் தேய்க்க விட்டா என்ன, 100 சிசியைத் தேய்க்க விட்டா என்ன, ரெண்டும் ஒண்டுதான்.

இன்னொண்டையும் பார். மெசினை நீ அமத்திறியா, அதுவா இறங்குதா? கூரான செயின் தன்ர பாட்டுக்கு மரத்துக்குள்ள இழுத்துக்கொண்டு போகும், நீ பிடிச்சிருந்தாக் காணும். அமத்தித்தான் இறங்குதெண்டா, பெற்றோல், பார், கிளச், உன்ர இடுப்பு எல்லாத்தையும் சேர்த்துத் தின்னுது.

பாலையூற்றில முப்பது வருசமா இந்த வேலை செய்யிறன். "பவர் காணாது" எண்டு கொண்டுவாற பத்து மெசினில எட்டுக்குச் செயின்தான் வருத்தம். அரம் போட்டுக் குடுத்தா "எஞ்சினுக்கு என்ன செய்தனீங்கள்?" எண்டு கேட்பினம்.

நீ எந்த அளவு அரம் பாவிக்கிறாய்? ரேக்கரைத் தேய்ச்சிருக்கிறியா? அதைச் சொல்லு முதல்ல.

#4 குச்சவெளிக்காரன்

ஐயா, இண்டைக்கு அள்ளிப் பார்த்தன். உண்மையா மா மாதிரித்தான் இருந்தது. பிட்டு அவிக்கலாம் போல அவ்வளவு மென்மை.

அரம் கடையில எது கிடைக்குதோ அதைத்தான் வாங்கிறனான். இப்ப கையில இருக்கிறது 4.8. ரேக்கர் எண்டா பல்லுக்கு முன்னால நிக்கிற அந்தச் சின்ன மேடுதானே? அதை ஒருநாளும் தொட்டதில்ல. செயினில பல்லுத் தேய்ஞ்சு பாதிதான் மிச்சம் இருக்கு.

#5 பாலையூற்று மெக்கானிக்

விசயம் அகப்பட்டிட்டுது.

மூண்டு எட்டுச் செயினுக்கு 5.2 மில்லிமீற்றர் அரம் வேணும். 4.8 எண்டது .325 இஞ்சிச் செயினுக்கு உரியது. சின்ன அரம் போட்டா பல்லின்ர கொக்கி கீழ ஆழமாத் தோண்டுப்படும், விளிம்பு மெல்லிசாகும், ரெண்டு குத்தி அறுக்க முதல் மழுங்கிடும். பெரிய அரம் போட்டா விளிம்பு பின்னுக்குச் சரிஞ்சு, மரத்தைக் கவ்வாமல் வழுக்கும். சின்ன மெசினுகளில வாற ஒடுக்கமான மூண்டு எட்டுக்கு 4.0, பழைய 070 மாதிரிப் பெரிய மெசினில வாற .404 செயினுக்கு 5.5. இதை எழுதி மெசின் பெட்டிக்குள்ள ஒட்டி வை.

அரம் போடுற விதம்: பாரை ஒரு வைஸில இறுக்கு. வைஸ் இல்லாட்டி ஒரு மரக்குத்தியில வாள்வெட்டு ஒண்டு போட்டு, அதுக்குள்ள பாரைச் செருகிப் பிடி. எந்தப் பல்லு ஆகக் குறுகலா இருக்கோ அதில தொடங்கு. மற்ற எல்லாப் பல்லையும் அந்த நீளத்துக்குக் கொண்டு வரவேணும், இல்லாட்டி வெட்டு ஒரு பக்கம் சரிஞ்சு போகும். உள்ளுக்கிருந்து வெளிப்பக்கமாத் தள்ளு, திரும்பி வரேக்க அரத்தைத் தூக்கு, இழுத்துத் தேய்க்காத. கோணம் 30 பாகை. பாலை, முதிரை போல வைரமான மரம் எண்டா 25 வை, விளிம்பு கொஞ்சம் கூடுதலா நிக்கும். அரத்தின்ர விட்டத்தில அஞ்சில ஒரு பங்கு பல்லுக்கு மேல தெரிய வேணும்.

எப்ப போதும் எண்டு எப்பிடித் தெரியும்? பல்லை வெயிலுக்குத் திருப்பிப் பார். மேல்விளிம்பில மயிரளவு வெள்ளைக்கோடு ஒண்டு மின்னினா அந்த இடம் இன்னும் மழுங்கல். கூரான விளிம்பில வெளிச்சம் தங்காது. அந்தக் கோடு முழுக்க மறையுமட்டும் தள்ளு. நாலு தரமோ பத்துத் தரமோ, எண்ணிக்கைக்காக நிப்பாட்டாத.

இனி ரேக்கர். ஒவ்வொரு பல்லும் எவ்வளவு தடிப்பாச் சீவலாம் எண்டதை முடிவு செய்யிறது அந்த மேடுதான். பல்லின்ர நுனிக்கும் மேட்டுக்கும் இடையில 0.65 மில்லிமீற்றர் இருக்க வேணும். பல்லின்ர மேல்தட்டு பின்னுக்குச் சரிஞ்சு போற அமைப்பு எண்டதால, நீ அரம் போடப் போட நுனி பின்னுக்கும் கீழுக்கும் போகும். மேடு மட்டும் அதே உயரத்தில நிக்கும். உன்ர செயினில பல்லுப் பாதி போயிட்டுது, மேடு புதுசில இருந்த உயரத்திலயே நிக்குது. பல்லு மரத்தைத் தொடாமலே ஓடுது தம்பி. மாவா விழாமல் வேற எப்பிடி விழும்?

அளவுத்தகடு எண்டு ஒண்டு விக்கிது, பெரிய விலையில்ல. செயினுக்கு மேல வை, மேடு தகட்டுக்கு மேல நீட்டி நிண்டா தட்டை அரத்தால தேய், முன்பக்க மூலையைப் பழையபடி உருட்டி விடு. மூண்டு நாலு தரம் அரம் போட்டதுக்கு ஒருக்கால் பார்த்தாக் காணும்.

#6 கிண்ணியா மரக்காலை

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். மெக்கானிக் ஐயா சொன்னது சரி. மரத்தைப் பத்தி நான் கொஞ்சம் சொல்றன், எங்கட தொழில் அதுதான்.

கடலோர மரமெண்டா பட்டைக்குள்ள மணல் இருக்கும். கச்சான் காத்து நாலு மாசம் அடிச்சு, மணலைக் கொண்டு போய் வெடிப்புக்குள்ள அடைச்சு வச்சிருக்கும். நிலாவெளி, குச்சவெளி, சல்லிப் பக்கத்து வேம்பு, பூவரசு எல்லாம் இப்பிடித்தான். நீங்க வெட்டப்போற இடத்தில ஒரு சாண் அகலத்துக்குக் கைக்கோடாலியால பட்டையைச் சீவி எடுங்க. ரெண்டு நிமிசம் போகும், ஆனா அரம் போடுற இருபது நிமிசம் மிச்சம். விழுந்து கிடக்கிற குத்தியெண்டா அடிப்பக்கம் மண்ணைத் தொட முதல் நிப்பாட்டி, உருட்டிப்போட்டு மிச்சத்தை வெட்டுங்க.

பனையும் தென்னையும் வேற சங்கதி. மற்ற மரத்தில வைரம் நடுவில இருக்கும். பனையில வைரம் வெளியில, சோறு உள்ளுக்க. முதல் மூணு இஞ்சியிலதான் செயின் கூர் போகும். பனை வெட்டப்போற அண்டைக்கு எப்பவும் ரெண்டு செயின் கொண்டு போங்க.

எல்லாத்தையும் விட இங்க பெரிய பிரச்சினை மரத்துக்குள்ள கிடக்கிற சன்னம், அதான் துவக்குக் குண்டு. யுத்த காலத்து மரங்கள். மேலால பார்த்தா ஒண்டும் தெரியாது, பட்டை மூடி வளர்ந்திருக்கும். போன வருசம் மூதூர்ப் பக்கத்திலிருந்து வந்த பாலைக்குத்தி ஒண்டுக்குள்ள ஒரு துண்டு இரும்பு, என்ட விரல் மொளி அளவு. செயின் ஒரே சுத்தில பதினொரு பல்லுப் போச்சு. பட்டையில வட்டமான தழும்பு, கறுப்பு நீலமா ஒரு கறை ஓடியிருந்தா அந்த இடத்தை விட்டுட்டுத் தள்ளி வெட்டுங்க. இரும்பு கிடந்து துருப்பிடிச்சா மரம் நீலக் கறுப்பாத்தான் மாறும். முள்ளுக்கம்பி அடிச்ச வேலியோர மரமும் அப்பிடித்தான்.

அதால தம்பி, வேகம் வேணுமெண்டு சதுர மூலைச் செயின் வாங்கினா நம்ம ஊருக்கு ஒத்துவராது. துப்புரவான பச்சை மரத்தில அதுதான் கெதி, அதில சந்தேகமில்ல. ஆனா மூலை கொஞ்சம் உடைஞ்சாலும் பல்லு சரி. மூலை உருட்டின செயின் புதுசில கொஞ்சம் மெதுவா வெட்டினாலும், மணல் மரத்தில பின்னேரம் மட்டும் அதே வேகத்தில நிக்கும்.

#7 பனிநாட்டுத் திருமலையான்

நான் உவர்மலையில் பிறந்து வளர்ந்தவன். இப்போது நோர்வேயில் காட்டு வேலை. இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. மூன்று விடயம் சொல்கிறேன்.

ஒன்று, பாரின் நீளம். நீங்கள் அறுக்கும் குத்திகள் பெரும்பாலும் 16 இஞ்சிக்குள் என்றால் 25 இஞ்சி பார் எதற்கு? 25 இஞ்சி பாரின் செயினில் 84 ஓட்டுக் கண்ணிகள் (பாரின் தவாளிப்புக்குள் ஓடும் கண்ணிகள்), 20 இஞ்சியில் 72. அவ்வளவு செயினையும் எஞ்சின்தான் இழுக்க வேண்டும், அவ்வளவு நீளத்துக்கும் ஒயில் போய்ச் சேர வேண்டும். 20 இஞ்சி போட்டால் மெசின் முன்னுக்குச் சாயாது, கையும் களைக்காது. பெரிய புளியமரம் வந்தால் நீளப் பாரை எடுத்து மாட்டுங்கள்.

இரண்டு, ஸ்ப்ரொக்கெட். கணக்கைப் பாருங்கள். மூன்று எட்டு செயினில் ஒரு பல்லுக்கு 19.05 மில்லிமீற்றர் செயின் ஓடும். 7 பல்லுக்கு ஒரு சுற்றில் 133 மில்லிமீற்றர். நிமிடத்துக்கு 9,000 சுற்று என்றால் செயின் செக்கனுக்கு 20 மீற்றர் ஓடுகிறது. 8 பல்லுப் போட்டால் அதே சுற்றில் கிட்டத்தட்ட 23 மீற்றர். 14 வீதம் கூட. ஆனால் அந்த 14 வீதத்தை இழுவையில் இருந்துதான் பிடுங்குகிறோம். மென்மரத்தில், குட்டைப் பாரில் அது நன்மை. பாலையில் 25 இஞ்சி பாரோடு போட்டால் எஞ்சின் திணறிச் சுற்று விழும், கிளச் வழுக்கும், கடைசியில் 7 பல்லை விட மெதுவாக வெட்டும்.

மூன்று, சைலன்சர். திறப்பதால் பயன் உண்டு, மறுக்கமாட்டேன். ஆனால் சைலன்சரைத் திறந்துவிட்டு காபரேற்றரைத் தொடாமல் விட்டால் தம்பலகாமம்88க்கு நடந்ததுதான் நடக்கும். புகை இலகுவாக வெளியேறும்போது புதுக் காற்றும் கூடுதலாக உள்ளே வருகிறது. அதற்கேற்ற பெற்றோல் வராவிட்டால் கலவை வறண்டு போகும். வறண்ட கலவை சூடாக எரியும். இரு-ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெற்றோல்தான் ஒயிலையும் கொண்டு வருகிறது, குளிர்ச்சியையும் கொண்டு வருகிறது.

#8 தம்பலகாமம்88

ஓ, இப்ப விளங்குது. ஆனா நான் ஒயிலைக் கூடத்தானே போட்டனான்? ஓட்டை போட்ட பிறகு பயத்தில 25க்கு 1 கலந்தன். அப்பிடியெண்டா இறுகியிருக்கக் கூடாதே?

#9 பாலையூற்று மெக்கானிக்

இந்தக் கேள்வி கனபேருக்கு இருக்கு, அதால வடிவாச் சொல்லுறன்.

ஒயிலைக் கூட்டினாக் கலவை வறளுமே தவிர ஈரமாகாது. காபரேற்றரின்ர ஜெட்டுக்குள்ளால போற திரவத்தின்ர அளவு மாறாது. அந்தத் திரவத்தில ஒயில் கூடினா பெற்றோல் குறையும். எரியிறது பெற்றோல்தானே. தம்பலகாமம், நீர் ஏற்கெனவே வறண்டு போன எஞ்சினை இன்னும் கொஞ்சம் வறள வச்சிட்டீர்.

பிஸ்டன் இன்னும் கிடக்கா? கிடந்தா எடுத்துப் பாரும். கீறல் சைலன்சர் பக்கம் மட்டும் நெடுக்கா இருந்தா வறண்ட கலவைதான். சுத்திவர எல்லாப் பக்கமும் இருந்தா ஒயில் இல்லாத பெற்றோல் போயிருக்கு.

அளவு: நல்ல டூ-டி (இரு-ஸ்ட்ரோக்) ஒயில் எண்டா 50க்கு 1. லீற்றருக்கு 20 மில்லிலீற்றர், அஞ்சு லீற்றர் கானுக்கு 100. ஒயில் எதெண்டு நிச்சயமில்லாட்டி 25க்கு 1, லீற்றருக்கு 40, அதுக்கேற்ற மாதிரி காபரேற்றரை வை. கலந்த பெற்றோலை ஒரு மாசத்துக்கு மேல வைக்காத. 2022இல வரிசையில நிண்டு வாங்கின பெற்றோலைக் கானில மாசக்கணக்கா வச்சுப் பாவிச்சு எத்தினை காபரேற்றர் டயபிரம் விறைச்சு என்னட்ட வந்தது எண்டு எனக்குத்தான் தெரியும்.

இன்னொண்டு, ஆரும் கோபிக்கக்கூடாது. செயினுக்குக் கழிவு ஒயில் ஊத்திறதை விடுங்கோ. அதுக்குள்ள இருக்கிற உலோகத் தூள் ஒயில் பம்பையும் பாரின்ர தவாளிப்பையும் அரிக்குது. உங்கட தோலுக்கும் அது கூடாது.

#10 சாம்பல்தீவு அக்கா

நான் மெசின் பிடிக்கிற ஆளில்ல. தம்பி குச்சவெளியின்ர பதிவை வாசிக்க என்ர சொந்தத் தம்பியின்ர ஞாபகம் வந்தது, அதால எழுதுறன்.

அவரும் கெதியா வெட்ட வேணுமெண்டு அந்த ரேக்கரை அளவில்லாமல் தேய்ச்சவர். நல்லா வெட்டினது, ரெண்டு நாள் சந்தோசமாத்தான் இருந்தவர். மூண்டாம் நாள் பார் நுனியின்ர மேல்பாதி பின்னால மறைஞ்சு நிண்ட கொப்பில பட்டு, மெசின் அப்படியே மேல திருப்பி அடிச்சிட்டுது. செயின் பிரேக் வேலை செய்யேல்ல, மாசக்கணக்கா மரத்தூள் அடைஞ்சு கிடந்திருக்கு. இடது தோளில 19 தையல். அவரை ஓட்டோவில ஏத்தி வச்சு, என்ர சால்வையால அமத்திப் பிடிச்சுக்கொண்டு வந்தது நான்தான். ஒரு மாரி முழுக்க வேலைக்குப் போகேல்ல.

கடவுளேயெண்டு இப்ப சுகம். ஆனா மெசின் சத்தம் கேட்ட காது? மற்றவை கதைக்கிறது பாதிதான் விளங்கும். வயசு 34.

நீங்கள் சைலன்சரைத் திறக்கிறது உங்கட விருப்பம். காதுமூடி வாங்கிறதுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கோ தம்பி.

#11 பனிநாட்டுத் திருமலையான்

அக்கா, எழுதியதற்கு நன்றி. இதை யாரும் தாண்டிப் போகக்கூடாது.

100 டெசிபெல் சத்தத்தில் பாதுகாப்பில்லாமல் ஒரு நாளில் 15 நிமிடம்தான் நிற்கலாம் என்பது தொழில் சுகாதாரக் கணக்கு. பெரிய செயின் சோக்கள் சைலன்சர் திறக்காமலே அந்த அளவுக்கு வந்துவிடும். இங்கே தலைக்கவசமும் காதுமூடியும் கால்கவசமும் போடாமல் காட்டுக்குள் விடமாட்டார்கள். திருமலை வெயிலில் கால்கவசம் கொதிக்கும், தெரியும். காதுமூடிக்கு அந்தச் சாட்டும் இல்லை.

ரேக்கர் பற்றி அக்கா சொன்னதற்கு ஒரு விளக்கம்: 0.65ஐ விட ஆழமாகத் தேய்த்தால் ஒவ்வொரு பல்லும் எஞ்சினால் தாங்க முடியாத தடிப்பில் கவ்வும். வெட்டு உதறும், பார் திருப்பி அடிப்பதும் கூடும். வைர மரத்தில் அது வேகமே இல்லை, முரட்டுத்தனம் மட்டும்தான்.

#12 குச்சவெளிக்காரன்

அக்கா, உங்கட தம்பிக்கு என்ர அன்பைச் சொல்லுங்கோ. காதுமூடி நேற்றே வாங்கிட்டன். பிரேக் மூடியைக் கழட்டிப் பார்த்தன், என்ரயும் அரைவாசி தூளால அடைஞ்சுதான் கிடந்தது. பெற்றோலால கழுவிப் பூட்டியாச்சு.

இனி நான் செய்து பார்த்ததைச் சொல்லுறன். வீட்டில ஒரு வேப்பங்குத்தி கிடந்தது, 16 இஞ்சி, பாதி காய்ஞ்சது. பட்டையைச் சீவிப்போட்டு, தங்கச்சி போனில நேரம் பிடிக்க, ஒவ்வொரு நிலையிலயும் மூண்டு வெட்டு.

பழைய செயின், பழைய பார், ஒண்டும் செய்யாமல்: 33, 31, 34 செக்கன்.

5.2 அரம் போட்டு, ரேக்கரை அளவுத்தகட்டுக்கு இறக்கி, அதே பாரில: 18, 17, 18.

20 இஞ்சி பார், அளவான செயின், அதே மாதிரி அரம் போட்டு: 17, 16, 17.

தங்கச்சி ரெண்டாவது தரம் போனைப் பார்த்திட்டு "நீ குத்தியை மாத்திட்டாய்" எண்டு சண்டை. எஞ்சினில ஒரு ஆணி கூடக் கழட்டேல்ல ஐயா. எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சுது.

இப்ப கேட்கிறன், சைலன்சரை எப்பிடி ஒழுங்கா திறக்கிறது?

#13 பாலையூற்று மெக்கானிக்

இப்ப கேட்கிறது சரியான நேரம்.

முதல்ல எஞ்சின் சுகமா எண்டு பார். விசையை அமத்தி விட்ட உடன சுற்று இறங்காமல் கொஞ்ச நேரம் அலறிக்கொண்டு நிண்டா எங்கயோ காத்து ஒழுகுது. கிராங் சீலோ, இன்டேக் ரப்பரோ. அதைப் பார்க்காமல் சைலன்சரில கைவச்சா நான் பொறுப்பில்ல.

சைலன்சரைக் கழட்டு. சிலிண்டரின்ர புகைவாயின்ர அகலம் உயரத்தை அளந்து பரப்பை எடு. சைலன்சரின்ர வெளிவாய் எல்லாம் சேர்ந்து அதில 80 வீதத்துக்கு மேல போகாமல் பார்த்துக்கொள். தொழில்காரர் வச்சிருக்கிற வழமையான எல்லை இது. அதுக்கு மேல திறந்தா சத்தம் மட்டும்தான் கூடும். உள்ள வாயைக் கொஞ்சம் அகட்டு, அல்லது முன்பக்கம் பார்த்து இரண்டாவது வாய் ஒண்டு வை. பெற்றோல் டாங்கியையோ கைப்பிடியையோ பிளாஸ்டிக் மூடியையோ பார்த்து ஒருநாளும் வைக்காத. ஓட்டை போட்ட இரும்புத்தூளை உள்ளுக்க ஒரு துகள் இல்லாமல் ஊதிக் கழுவு. ஒரு துகள் திரும்பிச் சிலிண்டருக்குள்ள போனா எல்லாம் முடிஞ்சுது.

வலையைக் கழட்டாத. கரி பிடிச்சிருந்தா கழுவு. புது வாய்க்கும் வலை வை. ஆடி ஆவணியில எங்கட பக்கத்துப் புல்லு எப்பிடிக் கிடக்கும் எண்டு உனக்குத் தெரியும். ஒரு பொறி காணும்.

பிறகு காபரேற்றர். ஃபில்டரைக் கழுவிக் காயவச்சுப் பூட்டு. எஞ்சின் நல்லாச் சூடான பிறகு மெதுவான ஓட்டத்துக்குரிய 'எல்' ஸ்க்ரூவை வச்சு ஐடிலை (விசை அமத்தாத ஓட்டத்தை) சீராக்கு, செயின் ஓடாமல் நிக்க வேணும். பிறகு முழு வேகத்துக்குரிய 'எச்' ஸ்க்ரூவை இடப்பக்கம் கால் சுற்றுத் திற. விசையை முழுக்க அமத்தி ரெண்டு செக்கன் கேள். சுத்தமான கீச்சுச் சத்தம் எண்டா வறட்சி, உடன விட்டிடு. கொர கொர எண்டு, நாலு-ஸ்ட்ரோக் மோட்டார்சைக்கிள் மாதிரித் தடக்கின சத்தம் வரவேணும். அந்த நிலையில மரத்தில வை. பாரம் ஏறின உடன கொரகொரப்பு மறைஞ்சு சத்தம் தெளிஞ்சா சரியான இடம். மரத்துக்குள்ளயும் கொரகொரத்தா கூடிப் போச்சு, மயிரளவு மூடு. வெட்டேக்க தெளிஞ்சு, தூக்கின உடன திரும்பக் கொரகொரக்க வேணும். அந்தச் சத்தத்தைக் காதில பதிச்சு வை.

காலமை வேளைக்கு வை. மத்தியான வெயிலில காத்து ஐதாகும், அப்ப சரியா வச்சா அடுத்த நாள் விடிய வறண்டு நிக்கும்.

#14 பனிநாட்டுத் திருமலையான்

ஐயா கடைசியாகச் சொன்னதை இங்கே ஒவ்வொரு வருடமும் அனுபவிக்கிறோம். கோடையில் வைத்த காபரேற்றரோடு மார்கழியில் காட்டுக்குள் போனால் பிஸ்டன் போகும். எலக்ட்ரோனிக் காபரேற்றர் உள்ள புது மெசின்களில் திருப்புவதற்கு ஸ்க்ரூவே இல்லை, தானாகச் சரிசெய்யும். 381இல் உங்கள் காதுதான் கருவி.

#15 வேகம்72

எல்லாரும் சுத்திவளைக்கிறீங்கள். உண்மையான பவர் சிலிண்டரிலதான் இருக்கு. சிலிண்டருக்கு அடியில இருக்கிற பேஸ் கஸ்கட்டைக் கழட்டிப்போட்டு, புகைவாயை உயர்த்தி அகட்டினா மெசின் பறக்கும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் செய்து வச்சிருக்கிறார்.

#16 பாலையூற்று மெக்கானிக்

பறக்கும், பொய்யில்ல. நானும் ரெண்டு மெசினுக்குச் செய்திருக்கிறன். அதாலதான் குத்தகைக்காரனுக்குச் செய்யாத எண்டு சொல்லுறன்.

கஸ்கட்டை எடுத்தா சிலிண்டர் கீழ இறங்கும். பிஸ்டனுக்கும் தலைக்கும் இடையில எவ்வளவு இடம் இருக்கெண்டு ஈயக்கம்பியை பிளக் ஓட்டையால விட்டு, ஒருக்காச் சுத்தி நசிச்சு, கலிப்பரால அளந்து பார்க்க வேணும். அரை மில்லிமீற்றருக்குக் கீழ போனா சூட்டில விரிஞ்சு பிஸ்டன் போய் மோதும். சிலிண்டர் இறங்கினதால எல்லா வாயும் திறக்கிற நேரமும் மாறும், அதைத் திரும்ப பாகை பிடிச்சுச் சரிசெய்ய வேணும். வாயை அளவுக்கு மேல அகட்டினா பிஸ்டன் ரிங் வாய்க்குள்ள விரிஞ்சு, விளிம்பில கொளுவி முறியும். சிலிண்டருக்கு உள்ள பூசியிருக்கிற முலாம் கிரைண்டர் தவறிப் பட்டா உரிஞ்சுபோம். ஒருக்கா உரிஞ்சா சிலிண்டர் எறியிறதுதான்.

நான் செய்த ரெண்டில ஒண்டு அஞ்சு மாசம் ஓடினது. மற்றது இப்பவும் ஓடுது, ஆனா அது கிழமைக்கு ஒருநாள் ஓடுற மெசின், நாள் முழுக்க ஓடுறதில்ல. குத்தி வெட்டிற போட்டிக்கு எண்டா செய்யலாம். நாட்கூலிக்கு ஓடுற மெசின் ஒருநாள் நிண்டா வீட்டில உலை வைக்கிறது எப்பிடி?

#17 கிண்ணியா மரக்காலை

இடையில ஒரு விசயம். தம்பி, மெசின் பதிஞ்சிருக்கா? 2019இலிருந்து செயின் சோ பதிவு இல்லாம வச்சிருக்க ஏலாது. பழைய மெசின் வாங்கிறவங்க கடதாசியோட வாங்குங்க. அடுத்தது, வளவு துப்புரவு எண்டு போற இடத்தில பலா, ஈரப்பலா, பெண் பனை நிண்டா சொந்தக்காரன் சொல்லிட்டான் எண்டு கை வைக்காதீங்க. 1951ஆம் ஆண்டு சட்டத்திலயே அதுக்கு அனுமதி எடுக்கச் சொல்லியிருக்கு. கிராம சேவகர், பிரதேச செயலகம் ஊடாகப் போங்க. மாட்டினா மெசினையும் கொண்டு போயிடுவாங்க.

#18 குச்சவெளிக்காரன்

பதிஞ்சிருக்கு நானா, கடதாசி மெசின் பெட்டிக்குள்ளதான்.

சைலன்சர் முடிஞ்சுது. வாயைக் கொஞ்சம் அகட்டினன், வலை அப்படியே இருக்கு. ஞாயிறு விடிய ஆறரைக்கு ஐயாவைப் போனில வச்சுக்கொண்டு காபரேற்றர் திருப்பினன். அவர் மெசின்ர சத்தத்தைக் கேட்டிட்டு "இன்னும் மூடாத, விடு" எண்டு சொல்ல, நான் மரத்தில வைக்க, அந்தக் கொரகொரப்பு அப்படியே தெளிஞ்சு போனதைக் கேட்டன். இனி மறக்கமாட்டன்.

அதே வேப்பங்குத்தி: 15, 15, 14 செக்கன். 33இலிருந்து 15. அதில 15 செக்கன் அரத்தாலயும் ரேக்கராலயும் வந்தது, பாரால ஒண்டு, சைலன்சரால ரெண்டுதான்.

8 பல்லு ஸ்ப்ரொக்கெட்டும் ஒருத்தரிட்ட இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தன். வேம்பில 14, 14, 13. பிறகு திரியாயில ஒரு காய்ஞ்ச பாலையில வச்சன். பாதியில திணறத் தொடங்கிட்டுது, தூக்கித் தூக்கி வெட்ட வேண்டியதாப் போச்சு. திரும்ப 7ஐயே போட்டிட்டன். எங்கட பக்கம் எந்த நேரம் என்ன மரம் வருமெண்டு தெரியாது.

பிளக்கைக் கழட்டிப் பார்த்தன், தேத்தண்ணிச் சாயம் மாதிரிக் கபிலம்.

#19 பாலையூற்று மெக்கானிக்

கபிலம்தான் வேணும். வெள்ளையா வந்தா அண்டைக்கே மெசினை நிப்பாட்டிப்போட்டு எனக்கு எடு.

#20 தம்பலகாமம்88

பழைய பிஸ்டனைத் தேடி எடுத்துப் பார்த்தன் ஐயா. நீங்கள் சொன்ன மாதிரியே சைலன்சர் பக்கம் மட்டும்தான் கீறல், மற்றப் பக்கம் புதுசு மாதிரி இருக்கு. சிலிண்டரைப் பார்த்துச் சொல்ல ஏலுமா? கொண்டு வாறன்.

#21 பாலையூற்று மெக்கானிக்

கொண்டு வாரும். உள்ளுக்க ஒட்டியிருக்கிறது பிஸ்டனின்ர அலுமினியம் மட்டும் எண்டா மெதுவா எடுத்திடலாம், சிலிண்டர் தப்பும். விரல் நகத்தால தடவிப் பாரும், நகம் தடக்குப்படுற பள்ளம் இருந்தா கஷ்டம். சனிக்கிழமை பின்னேரம் நிப்பன்.

#22 கிண்ணியா மரக்காலை

குச்சவெளித் தம்பி, சனிக்கிழமை நீங்களும் இந்தப் பக்கம் வந்தா மரக்காலையில ஒரு புளியங்குத்தி கிடக்கு, 30 இஞ்சி. எங்கட பொடியன்மார் அரம் போடுறதைப் பார்த்து ஒருக்காச் சொல்லிக் குடுங்க. அளவுத்தகட்டையும் கொண்டு வாங்க. பகல் சாப்பாடு நம்ம வீட்டில.

#23 குச்சவெளிக்காரன்

வாறன் நானா. 25 இஞ்சி பாரையும், ரெண்டு செயினையும், 5.2 அரம் மூண்டையும் எடுத்துக்கொண்டு விடிய முதல் பஸ்ஸில வாறன். குத்தியில சன்னம் ஏதும் இருக்குமெண்டு சந்தேகம் இருந்தா அந்த இடத்தில ஒரு சோக்குக்கோடு போட்டு வையுங்கோ.